உப்பு எங்கே போனது?

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்குக் கவிதையெல்லாம் வராது என்று ஒதுங்கினேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா" என்றார். எனக்குத் தெரிந்தது, நான் ஒரு மெஷின் செய்து, அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தும், அதனாலேயே இரண்டு உயிர் போன கதைதான். அதையே எழுதுகிறேன். சர்க்யூட்டும் வரும், கொஞ்சம் கணக்கும் வரும். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்!

என் அப்பா தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள். மாலை நேரத்தில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறேன். பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டுச் செலவு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

கடை வாசலில் ஒரு கடல் தண்ணித் தொட்டி உண்டு. அண்ணாச்சிக்கு அதுதான் பெருமை. பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஆறு, இறால் இரண்டு, அனிமோன் என்கிற கடல் சாமந்தி ஒன்று. ஒருநாள் அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, ஒருநாள் கடை அடைச்சா தண்ணி இறங்கிருது. நீ கரண்டு படிக்கிற பையன்தான, ஒரு வழி பண்ணேன்." அடுத்த பருவக் கட்டணத்துக்கு முன்பணமும் கொடுத்தார். இதையே புராஜெக்டாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கடல் தொட்டியில் என்ன சிக்கல்?

வீட்டில் வைக்கும் நல்ல தண்ணித் தொட்டியில் தண்ணி குறைந்தால் ஒரு குடம் ஊற்றினால் முடிந்தது. கடல் தொட்டியில் அப்படி இல்லை. தண்ணிதான் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. கடல் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அண்ணாச்சியின் தொட்டியில், கீழே உள்ள சம்ப்பையும் சேர்த்து 500 லிட்டர். ஆக மொத்தம் 17.5 கிலோ உப்பு. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 லிட்டர் ஆவியாகும். பத்து நாள் விட்டால் 450 லிட்டர் தண்ணியில் அதே 17.5 கிலோ. அதாவது லிட்டருக்கு 39 கிராம்.

ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணி அல்ல. அதுவும் ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. இதை மெஷின் செய்தால் நல்லதுதானே?

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

சம்ப் என்றால் வீட்டில் தரைக்கடியில் இருக்குமே, அது இல்லை. தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் வைக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி. அதில் மூன்று அறை. மேலே இருந்து வழியும் தண்ணி முதல் அறையில் விழும். நடு அறை வழியாகக் கடைசி அறைக்கு வரும். அங்கிருந்து ஒரு மோட்டார் மறுபடி மேலே ஏற்றும். முதல் இரண்டு அறைகளின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு ஆவியானாலும் மட்டம் இறங்குவது கடைசி அறையில் மட்டும்தான். எங்கள் சம்ப்பில் அது 30-க்கு 40 செ.மீ. 5 லிட்டர் போனால் 4 செ.மீ. இறங்கும்.

அங்கேதான் மிதவை சுவிட்ச்சைப் பொருத்தினேன். மிதவைக்குள் ஒரு காந்த வளையம், நடுத்தண்டுக்குள் ரீட் சுவிட்ச். மட்டம் இறங்கினால் காந்தம் ரீடை மூடும், 12 வோல்ட் ரிலே இழுக்கும், 40 லிட்டர் கேனில் உள்ள சின்ன மோட்டார் ஓடும். மட்டம் ஏறினால் நிற்கும். அவ்வளவுதான்! கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் தன் தண்ணிக் கடிகாரத்தில் மிதவை வைத்து மட்டத்தைக் கட்டுப்படுத்தினாராம். நம் கண்ட்ரோல் பாடத்துக்கு அவர்தான் மூத்த தாத்தா. தாத்தாவின் மிதவைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மட்டம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் மூன்று கோளாறுகள்

முதல் கோளாறு, ரிலே வைப்பதற்கு முன்னால் வந்தது. காசை மிச்சம் பிடிக்க மோட்டாரை நேராக ரீட் சுவிட்ச் வழியாக ஓட்டினேன். மூன்றாம் நாள் மிதவை மேலே ஏறியும் மோட்டார் நிற்கவில்லை. ரீடின் இரண்டு நாக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மோட்டார் என்பது காயில். அதை நிறுத்தும்போது வரும் தீப்பொறியை அந்தக் குட்டி நாக்கு தாங்காது. ரீடுக்கு ரிலே காயில் கரண்ட் மட்டும்தான் கொடுக்க வேண்டும். அந்தக் காயிலுக்குக் குறுக்கேயும் ஒரு டயோடு போட வேண்டும். வகுப்பில் இதைப் படித்திருந்தேன், மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனாலும் செய்யவில்லை!

இரண்டாவது, மோட்டார் நின்றும் தண்ணி நிற்கவில்லை. காலையில் கடை திறந்தால் தரையெல்லாம் தண்ணி. ரிலேயைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. காரணம் குழாய். கேன் ஸ்டூல் மேல் உயரத்தில், குழாயின் முனை சம்ப் தண்ணிக்குள் முங்கி. ஒருமுறை ஓடித் தொடங்கியதும் அது சைஃபன் ஆகிவிட்டது. லாரியில் இருந்து டீசல் உறிஞ்சுகிற மாதிரிதான். கேனைத் தரைக்கு இறக்கி, குழாய் முனையைத் தண்ணிக்கு மேலே காற்றில் நிற்கும்படி கட்டியதும் சரியாகிவிட்டது.

மூன்றாவது, ரிலே படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் கலக்குகிற அலையில் மிதவை ஆடுகிறது. ஒரு பிளாஸ்டிக் குழாயின் அடியில் ஓட்டை போட்டு, அதற்குள் மிதவையை வைத்தேன். அலை உள்ளே வரவில்லை. கூடவே, மோட்டார் ஒரு தடவைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடினால் கட் ஆகும்படி டைமரும், மேல் மட்டத்தில் இன்னொரு மிதவையும் போட்டேன்.

இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிந்த கோளாறு. தரை நனைந்தது, சத்தம் வந்தது, திட்டு விழுந்தது, சரி செய்தேன். நான்காவதுதான் விஷயம்.

எல்லாம் சரி, ஆனால் தப்பு

அதன் பிறகு 25 நாள் மெஷின் அருமையாக ஓடியது. மட்டம் ஒரு செ.மீ. கூட மாறவில்லை. அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம பையன் செஞ்சது" என்று காட்டினார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை.

முதலில் கடல் சாமந்தி சுருங்கியது. இரண்டு நாள் கழித்து ஒரு இறால் செத்தது. அடுத்த நாள் இன்னொன்று. கோமாளி மீன்கள் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. தண்ணியில் உப்பைப் பார்த்தோம். கடையில் இருந்தது முள் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மீட்டர். 1.025 காட்டியது. சரியாகத்தான் இருக்கிறது! அப்புறம் என்ன?

அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, நீ மெஷின் வச்ச பிறகுதான் இப்படி ஆவுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள என்னன்னு பாரு. இல்லன்னா கழட்டிரு" என்றார். முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைச் சம்பளத்தில் கழித்தால் அந்தப் பருவம் நான் பரீட்சை எழுதியிருக்க முடியாது.

மெஷினை அக்கக்காகக் கழற்றினேன். மிதவை சரி. ரீட் சரி, மல்டிமீட்டரில் ஓப்பன், குளோஸ் இரண்டும் பார்த்தேன். ரிலே சரி, டைமர் சரி, மோட்டார் சரி. கேன் தண்ணியும் ஆர்.ஓ. தண்ணிதான். ஒரு குறையும் இல்லை.

கடையைப் பெருக்குகிற அக்கா அப்போது ஒன்று சொன்னார். "தம்பி, கேனு முன்ன மாதிரி இல்ல, வெள்ளன தீந்துருது. நாலு நாளைக்கு ஒருக்கா நெப்புதேன்." நான், "வெயில் ஜாஸ்தி அக்கா" என்று சொல்லிவிட்டு ரிலேயையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடை அங்கேயே இருந்தது. என் காதில்தான் ஏறவில்லை.

அளத்தில் ஒரு பரிசோதனை

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு ரிலேயும் தெரியாது, ரீடும் தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு, "உப்பு எத்தன டிகிரின்னு பாத்தியா?" என்றார். கடை மீட்டரில் பார்த்தோம் என்றேன். "ஒரு பாட்டில்ல அந்தத் தண்ணிய எடு. இன்னொரு பாட்டில்ல கடல் தண்ணி. ரெண்டையும் அளத்துக்குக் கொண்டா" என்றார்.

விடியுமுன்னே அளத்துக்குப் போனேன். அங்கே உப்புத்தண்ணியின் கனத்தைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் வைத்திருப்பார்கள். அடியில் குண்டு, மேலே டிகிரிக் கோடுகள். அது பாமே ஹைட்ரோமீட்டர். 1768-இல் அந்தோன் பாமே என்ற பிரெஞ்சு மருந்து வல்லுநர் வகுத்த அளவு. கடல் தண்ணி அதில் மூன்றுக்கு மேல் நிற்கும். வெயிலில் காய்ந்து காய்ந்து 25 டிகிரி வந்தால் உப்புப் பூக்கும். 30 நெருங்கினால் மிச்சத் தண்ணியை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் உப்பு கசக்கும். அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தினமும் பார்க்கிறார்.

இரண்டு பாட்டிலும் ஒரே சூட்டுக்கு வரும்வரை அப்பா பொறுத்திருந்தார். சூடு மாறினால் கணக்கு மாறும். கடல் தண்ணியில் குழலை விட்டார். மூன்றைத் தாண்டி நின்றது. பிறகு தொட்டித் தண்ணி. குழல் இன்னும் கீழே இறங்கியது. இரண்டரை!

"ஏலே, இது கடல் தண்ணியே இல்லல" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. கடை மீட்டர் ஏன் சரியாகக் காட்டியது? பிறகு பார்த்தேன். அந்த முள்ளின் அச்சில் உப்புக் கட்டியிருந்தது. முள்ளில் காற்றுக்குமிழ் ஒட்டினாலும் அது முள்ளைத் தூக்கி அதிகமாகத்தான் காட்டும். கழுவாத மீட்டர் பொய் சொல்லும், அதுவும் நமக்குப் பிடித்த பொய்யாகச் சொல்லும்.

அப்பா ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் கேட்டார்: "தண்ணி மேல போவும். உப்புக்கு ரெக்க கெடையாது. பாத்தியில உப்பு கொறஞ்சா எவனோ வாரிட்டுப் போறான்னு அர்த்தம். உன் தொட்டியில வாருறது யாரு?"

திருடன் அகப்பட்டான்

நேராகக் கடைக்குப் போனேன். இந்தத் தடவை மெஷினைத் தொடவில்லை. உப்பு வெளியே போகிற வழி எங்கே என்று மட்டும் தேடினேன். கசிவு இருக்கிறதா? உப்புத்தண்ணி கசிந்தால் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பூப்பு தெரியும். மூட்டுகளில் எங்கேயும் இல்லை.

அப்போதுதான் ஸ்கிம்மரைப் பார்த்தேன். அது நுண்ணிய காற்றுக்குமிழை விட்டு, அழுக்கை நுரையாக மேலே ஏற்றி ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி. முன்பு அந்தக் கோப்பையை நாள்தோறும் கையால் கொட்டுவோம். மெஷின் வைத்த அதே வாரத்தில், அந்த வேலையும் வேண்டாம் என்று கோப்பைக்கு ஒரு குழாய் மாட்டி நேராகச் சாக்கடைக்கு விட்டது யார்? நான்தான்! அன்றைக்கே ஸ்கிம்மரைக் கழுவி மாட்டும்போது அதன் வால்வை ஒரு திருகு அதிகமாக மூடிவிட்டேன். உள்ளே மட்டம் ஏறி, கெட்டியான கறுப்பு நுரைக்குப் பதிலாக வெறும் தண்ணியே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. கோப்பை நிறையாததால் யார் கண்ணிலும் படவில்லை.

குழாய் முனையை ஒரு வாளியில் விட்டு ஒரு நாள் வைத்தேன். சரியாக 5 லிட்டர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆவியாகிப் போவது 5 லிட்டர், ஸ்கிம்மர் எடுப்பது 5 லிட்டர். மெஷின் 10 லிட்டர் நல்ல தண்ணி ஊற்றுகிறது. 40 லிட்டர் கேன் எட்டு நாள் வர வேண்டியது நாலு நாளில் தீர்கிறது. அக்கா சொன்னது இதைத்தான்! 500 லிட்டரில் 5 லிட்டர் என்றால் நாள்தோறும் நூற்றில் ஒரு பங்கு உப்பு போகிறது. 25 நாளில் லிட்டருக்கு 35 கிராம் 27 ஆகிவிடும். மீன் இதைத் தாங்கும். இறாலும் கடல் சாமந்தியும் தாங்காது.

மெஷின் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மட்டம் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கியிருக்கும். முதல் நாளே கேட்டிருப்போம். என் மெஷின் என்ன செய்தது? திருடன் எடுக்க எடுக்க, சத்தமில்லாமல் நிரப்பி, திருட்டை மறைத்துக் கொடுத்தது. மட்டத்தைக் காக்கச் சொன்னேன், காத்தது. உப்பைக் காக்க நான் சொல்லவே இல்லை.

திரும்ப ஏற்றிய விதம்

வால்வைத் திறந்து நுரையைக் கெட்டியாக்கினேன். குழாயைப் பிடுங்கினேன். கோப்பையைப் பழையபடி கையால்தான் கொட்டுகிறோம்.

500 லிட்டருக்கு லிட்டருக்கு 8 கிராம் வீதம் 4 கிலோ உப்பு குறை. ஒரேயடியாகப் போட்டால் மிச்சமிருக்கிற உயிரும் போகும். பத்து நாளாகப் பிரித்து, நாளுக்கு 400 கிராம். அன்றன்றைக்கு ஊற்ற வேண்டிய 5 லிட்டரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

"நம்ம அளத்து உப்ப அள்ளிட்டுப் போயேம்ல, காசு மிச்சம்" என்றார் அப்பா. அது கூடாது. உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் வடிக்கிற தண்ணியோடு போய்விடுகிறது. நடுவில் நாம் வாருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடலில் உள்ள எல்லாம் அதில் இல்லை. இதைச் சொன்னதும் அப்பா, "ஆமா, அதானே வடிக்கோம்" என்று தலையாட்டினார். கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவைதான் வாங்கினோம்.

ஏழாம் நாள் கடல் சாமந்தி கொஞ்சம் விரிந்தது. பன்னிரண்டாம் நாள் கோமாளி மீன் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணாச்சி மெஷினைக் கழற்றச் சொல்லவில்லை. இறால் இரண்டும் போனது போனதுதான்.

தம்பி தங்கைகளுக்கு: கோளாறு தேடும் வரிசை

1. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு கையை விடுங்கள். உப்புத்தண்ணி பக்கத்தில் 230 வோல்ட் விளையாட்டு இல்லை. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஒயர் பிளக்குக்கு வருமுன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், சொட்டுகிற தண்ணி அங்கேயே விழுந்துவிடும்.

2. தண்ணி நிற்காவிட்டால் மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாமல் தண்ணி வந்தால் சைஃபன். ஓடினால் மிதவையைக் கையால் தூக்குங்கள். ரிலே விடவில்லையென்றால் ரீட் ஒட்டியிருக்கும். ரிலே விட்டும் மோட்டார் ஓடினால் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டியிருக்கும்.

3. தண்ணி வராவிட்டால் கேன் காலியா, மிதவையில் உப்போ நத்தையோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை மிதவையை நல்ல தண்ணியில் கழுவுங்கள்.

4. மட்டம் இறங்கியது என்றால் தண்ணி ஆவியானது என்று அர்த்தமில்லை. மேல் தொட்டியின் வழிவாய் அடைத்தாலும் சம்ப்பில் மட்டம் இறங்கும். உப்புத்தண்ணி கசிந்தாலும் இறங்கும். மிதவைக்கு இது மூன்றும் ஒன்றுதான்.

5. கேனை ஓவர்ஹெட் டேங்கோடு நேராக இணைக்காதீர்கள். 40 லிட்டரும் ஒரேயடியாகக் கொட்டினால்கூட உப்பு 35-இலிருந்து 32.4-க்குத்தான் இறங்கும். ஆயிரம் லிட்டர் டேங்க் கொட்டினால் தொட்டியே இல்லை. சம்ப்பிலும் கேன் அளவுக்குக் காலி இடம் வையுங்கள், தரை நனையாது.

6. கேன் எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்புகிறோம் என்று நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை உப்பை அளந்து எழுதுங்கள். அளக்கும் கருவியையும் தெரிந்த தண்ணியில் வைத்துச் சரிபாருங்கள்.

7. பெருக்குகிற அக்கா சொல்வதைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றி சொல்லும் பக்கத்தில் முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி ஐயா பெயர்களுக்குக் கீழே என் அப்பா பெயரையும் எழுதினேன். வழிகாட்டி ஐயா பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் பதவி போட்டிருக்கே, இவருக்குப் போடலையே" என்றார். அந்த இடத்திலேயே பேனாவை வாங்கி எழுதினேன்: உப்பளத் தொழிலாளி, உப்பு அளவீட்டு ஆலோசகர்.

ஐயா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.